வீட்டுக்கு நாலு குடம்

மாரசந்திரம் தீயணைப்பு நிலையத்துத் தண்ணீர் லாரி நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் பிடிக்கும். கோடையில் அதில் முந்நூற்று அறுபது லிட்டர் தீயை அணைக்கப் போகாது, சோறு வடிக்கப் போகும். எந்த அரசாணையிலும் இது கிடையாது. நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக ஆறு குடியிருப்பு வீடுகள். அவற்றுக்கென்று போட்ட தொள்ளாயிரம் அடி ஆழ்துளைக் கிணறு மாசி மாதமே கையை விரித்துவிட்டது. பேரூராட்சிக் குழாயில் ஒன்பது நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அது எந்த மணி என்பது குழாய் திறப்பவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அதனால் சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் டிரைவர் லாரியின் பின்குழாயைத் திறந்துவிடுவார். வீட்டுக்கு நாலு குடம். மறுநாள் விடிந்ததும் லாரி ஊர்க்கோடி ரோஜாப் பண்ணைத் தொட்டிக்குப் போய் நிரம்பிக்கொண்டு, காலை ஆஜருக்குள் திரும்பி வந்து நிற்கும். ஏட்டில் பார்த்தால் டேங்க் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நிறைந்தே இருக்கும்.

அந்த டிரைவர்தான் சரசம்மாவின் புருஷன் கோவிந்தப்பன். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளில் தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம். அந்தக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். டிரைவர் என்று சொல்வது பாதி வேலையைத்தான். வண்டியை ஓட்டிப் போவதும் அவர், போன இடத்தில் பம்பை இயக்குவதும் அவர், பம்பு மக்கர் செய்தால் அடியில் படுத்துப் பார்ப்பதும் அவர். பதினேழு பேர் இருக்க வேண்டிய நிலையத்தில் பதினொரு பேர். அதில் ஒருவர் தாம்பரத்தில் பயிற்சிக்குப் போயிருந்தார், இரண்டு பேரை வேறு நிலையம் கடன் வாங்கிக்கொண்டு போயிருந்தது. இன்னொரு டிரைவர் இடம் காலி. ஆகவே மற்றவர்களுக்கு முறை மாறினாலும் கோவிந்தப்பனுக்கு மாறாது. நிலைய அலுவலர் நாற்காலியும் ஒரு வருஷமாகக் காலிதான். அதன்மேல் ஒரு துண்டை விரித்துவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார் முன்னணித் தீயணைப்பாளர் ராஜேஷ்குமார்.

லாரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் உப்பேறி மங்கி, பிறகு விரிசல் விட்டு, இரண்டு வருஷமாக எதையும் காட்டுவதில்லை. மாற்றித் தரக் கேட்டு மூன்று கடிதம் போயிருந்தது. கடிதம் போனால் கண்ணாடி வந்துவிடுமா? கோவிந்தப்பன் தன் கைக்கடிகாரத்தைக் கண்ணாடியாக்கிக்கொண்டார். டேங்க் நிறைந்திருந்தால் ஒரு ஹோஸ் ஒன்பது நிமிஷம் அடிக்கும். ஆறு வீட்டுக் குடங்கள் போனால் முக்கால் நிமிஷம் குறையும். தண்ணீர் தீர அரை நிமிஷம் இருக்கும்போது மூன்று ஹாரன் அடிப்பார். அதற்கென்றே பம்புக்குப் பக்கத்தில் தன் கையால் ஒரு ஹாரன் பட்டன் பொருத்தி வைத்திருந்தார். மூன்று ஹாரன் கேட்டால் உள்ளே நிற்பவன் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும்.

உள்ளே நிற்பவன் பெரும்பாலும் அண்ணாதுரை, நிலையத்துக்காரர்களுக்கு 'தொர'. சிவகங்கைப் பக்கத்துக்காரன். ஹோஸின் நுனியில் இருக்கும் பித்தளைக் குழலை, பிராஞ்ச் என்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு முகம் காட்டி நிற்பதில் அந்த நிலையத்தில் அவனுக்கு நிகரில்லை. "தண்ணியப் பத்தி நான் யோசிக்கிறதே இல்லண்ணே. ஹாரன் அடிக்கலைன்னா தண்ணி இருக்கு. அம்புட்டுத்தான்" என்பான். ஒன்பது வருஷத்தில் கோவிந்தப்பனின் கணக்கு ஒருமுறையும் தவறியதில்லை. சரசம்மாவுக்கு இதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

சித்திரை மாதம் மகள் ஹரிணிக்கு அம்மை போட்டது. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்து படுத்தவள்தான். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. கோவிந்தப்பன் வீட்டுக்குள் வராமல் நிலையத்துக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டார். சரசம்மாவும் மற்றப் பெண்களோடு குடத்துக்கு வரிசையில் நிற்பதை விட்டுவிட்டாள். எல்லாரும் பிடித்துக்கொண்டு போன பிறகு கடைசியாகப் போய்த் தன் நாலு குடத்தைப் பிடிப்பாள். அவள் வீடுதான் லாரி நிற்கும் கொட்டகையை ஒட்டி முதலில் இருந்தது.

தலைக்கு இரண்டு தண்ணி ஊற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் தண்ணி. அதோடு வீடு முழுக்கக் கழுவி, படுத்த பாய், போர்த்திய போர்வை, உடுத்திய துணி எல்லாவற்றையும் அலசிப் போட்டால்தான் அம்மன் இறங்கினாள் என்று பெயர். நாலு குடத்தில் இது ஆகாது. சுண்ணாம்பு அடிக்க வாங்கிய இரண்டு நீல ட்ரம் பின்வாசலில் காலியாக இருந்தது. இருநூறு லிட்டர் ட்ரம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் குடம் பிடித்து முடித்தார்கள். கடைசியாகப் பிடித்த அண்ணாதுரை மனைவி பார்வதி பத்தடி தள்ளி நின்று கேட்டாள்.

"சரசக்கா, ஹரிணிக்கு எப்பிடி இருக்கு?"

"முத்தெல்லாம் எறங்கிடுச்சி பார்வதி. நாளைக்கி மூணாந் தண்ணி ஊத்திட்டா ஆச்சி."

"நாலு கொடத்துல என்னத்தக்கா பண்ணுவ? வீடு கழுவணும், துணி பூராம் அலசணும். என்னோடதுல ஒரு கொடத்த இங்கன வச்சுட்டுப் போகவா?"

"ஐயோ, வேணா வேணா. உம் புள்ளைக்கி ஊத்த வேணாமா? நான் பாத்துக்கறன் போ."

பார்வதி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் போனாள். அந்த நேரம் நிலையத்துக்குள் தொலைபேசி அடித்தது. புது லேஅவுட்டில் யாரோ வாஷிங் மெஷினுக்கு அடியில் பாம்பு. ராஜேஷ்குமார் பிரேம்குமாரையும் கோபியையும் பாம்புக் கிடுக்கியோடு பைக்கில் அனுப்பிவிட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் கோவிந்தப்பனைக் கூப்பிட்டார்.

"சரசு, நாலு புடிச்சிக்கினு மூடிட்டு, குழாய் சாவிய ஆணில மாட்டிடு" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சரசம்மா நாலு குடம் பிடித்தாள். மூடப் போனாள். மூடவில்லை. தோட்டத்துப் பச்சை டியூபைக் கொண்டுவந்து பின்குழாயில் செருகி, மறுமுனையை ட்ரம்முக்குள் விட்டாள். விடிந்தால் லாரி நிரம்பிவிடப் போகிறது. ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தாள். அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் தண்ணீர் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கேட்டிருந்தால் புருஷனே பிடித்துக் கொடுத்திருப்பார். கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டு ட்ரம்மும் நிறையப் பதினைந்து நிமிஷம் ஆனது. குழாயை மூடினாள், சாவியை ஆணியில் மாட்டினாள், டியூபைச் சுருட்டினாள்.

டியூப் இன்னும் கையில் இருக்கும்போதே மணி அடித்தது. பாம்புக்கு அடிக்கும் மணி வேறு, இது வேறு. ராஜேஷ்குமார் ஓடிவந்து முன்னால் ஏறினார். அண்ணாதுரை தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே பின்னால் தொற்றினான். கோவிந்தப்பன் வண்டியை எடுத்தார். ஐந்து பேர் போக வேண்டிய லாரியில் மூன்று பேர்.

கூவியிருக்கலாம். லாரி வாசலில் திரும்புவதற்காக ஒரு நொடி நின்றது; அப்போது கூவியிருந்தால் கேட்டிருக்கும். குப்பை ஏதாவது எரிந்துகொண்டிருக்கும், இரண்டு நிமிஷத்து வேலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லாரி போய்விட்டது.

எரிந்தது குப்பை இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய பேலட் வாங்கி விற்கும் கொட்டகை. கம்பெனிகளில் சரக்கு அடுக்கும் மரத் தட்டுதான் பேலட். காய்ந்த மரம், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கு. அதை ஒட்டி வடநாட்டு வேலைக்காரப் பையன்கள் சமைத்துப் படுக்கும் தகர அறை. பையன்கள் வெளியே வந்துவிட்டார்கள், உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கிறது என்று கையால் காட்டினார்கள். அண்ணாதுரை பிராஞ்சோடு அறை வாசலுக்குள் போய், சிலிண்டர் சூடேறாமல் அதன்மேல் அடித்துக்கொண்டே நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டாவது ஹோஸோடு இன்னொருவன் நிற்க வேண்டும் என்பது பயிற்சியில் முதல் பாடம். அந்த இன்னொருவன் வாஷிங் மெஷினுக்கு அடியில் பாம்பு பிடித்துக்கொண்டிருந்தான். ராஜேஷ்குமார் ஹோஸை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோவிந்தப்பன் ஒரு கையைப் பம்பிலும் கண்ணைக் கடிகாரத்திலும் வைத்திருந்தார்.

ஹாரன் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் ஹோஸ் தொங்கிப்போனது.

தண்ணீர் நின்றதும் அண்ணாதுரை பிராஞ்சைக் குலுக்கிப் பார்த்தான். ஹோஸ் மடிந்திருக்கும் என்று நினைத்தானாம். அதற்குள் பக்கத்து அடுக்கு எரிந்தபடியே சரிந்தது. முகத்தைக் காப்பாற்றக் கைகளை உயர்த்தினான். கவசக் கோட்டின் கை முழங்கைக்கு மேலேயே கிழிந்து போயிருந்தது. அதற்கும் ஒரு கடிதம் போயிருந்தது. ராஜேஷ்குமார்தான் அவனை இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார். நல்லவேளையாகச் சிலிண்டர் வெடிக்கவில்லை. அடுத்த ஊர் லாரி வர நாற்பது நிமிஷம் ஆனது. அண்ணாதுரையைக் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு கையும் விரலிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சரசம்மா மகளுக்கு மூன்றாம் தண்ணி ஊற்றினாள். ஊற்றாமல் விட முடியாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு தலையில் விட்டாள். "ஏம்மா அழுவற? எனக்குத்தான் நல்லாயிடுச்சில்ல?" என்று ஹரிணி கேட்டாள். ஒரு ட்ரம் தண்ணீரில் வீடு கழுவித் துணி அலசியாயிற்று. இன்னொரு ட்ரம்மைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை, கீழே கொட்டவும் வரவில்லை. பழைய சேலையைப் போட்டு மூடிவைத்தாள்.

ஐந்து நாள் ஓடியது. கோவிந்தப்பன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கடைவீதிக்குப் போய் அதன் பேட்டரியை மாற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் கடிகாரக் கடைக்காரரிடம் போய், பழைய பேட்டரியில் ஓடியபோது மெதுவாக ஓடியிருக்குமா என்று கேட்டுவிட்டு வந்தார்.

"எட்டே கால் நிமிசம் ஓடணும் சரசு. ஏழே முக்காலுக்கு ஹாரன். நான் ஏழு நிமிசத்துலயே பட்டன் மேல கைய வச்சிட்டன். வச்சிக்கினு இருக்கறப்பவே நின்னுபோச்சி. பம்புல கோளாறு இல்ல, கழட்டிப் பாத்துட்டன். ஒழுக்கும் இல்ல. அப்ப நான்தான் முள்ள தப்பா பாத்திருக்கறன்."

"கண்ணு அசந்திருக்குமாட்டம் இருக்குதுங்க" என்றாள் சரசம்மா. சொன்ன வாயைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"ஒம்போது வருசம் அசரல. அன்னிக்கி மட்டும் அசந்துச்சா? வயசாயிடுச்சோ என்னமோ. இனிமே எவன் என் ஹாரன நம்பி உள்ள போவான்?"

அன்று மத்தியானம் ராஜேஷ்குமார் ஒரு தாளோடு வீட்டுக்கே வந்தார். வயதில் இளையவர், மேலதிகாரியாக இருந்தாலும் கோவிந்தப்பனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. காலியான நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்தவருக்கு வருகிற பயம் அவருக்கும் வந்திருந்தது.

"ண்ணா, வெள்ளிக்கிழம மாவட்டத்துல இருந்து மேடம் விசாரணைக்கு வர்றாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். இதுல கையெழுத்து மட்டும் போடுங்க."

"என்னா எழுதியிருக்குது?"

"டேங்க் நெறைய தண்ணி இருந்துச்சி. ஹாரன் அடிச்சும் அண்ணாதுரை வெளிய வரல. சொல்லாமலே உள்ள போயிட்டான்."

"ஹாரன் நான் அடிக்கலையே."

"அடிக்கலைன்னு எழுதனா உங்களுக்கு மெமோ. டேங்க் கொறைன்னு எழுதனா குடம் கத வெளிய வரும், ஆறு ஊட்டுக்கும் மெமோ, எனக்கு மொதல்ல. தொரைக்கு எப்பிடியும் அடிபட்டுப்போச்சி, ஒரு எச்சரிக்கையோட போயிரும்."

"அவன் பேர்ல எழுதனா, அவனே போய் உழுந்தான்னு ஆவுது. கை போனது டியூட்டில போனது இல்லைன்னு நாளைக்கி எவனாச்சும் சொன்னா?"

"அதெல்லாம் சொல்லமாட்டாங்கண்ணா. யோசிச்சி வைங்க." தாளை டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்.

கோவிந்தப்பன் அந்தத் தாளைத் தொடவில்லை. "முள்ள தப்பா பாத்துட்டன்னு எழுதிக் குடுத்துடறன். வேலைய உட்டுத் தூக்கனா தூக்கட்டும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கச் சரசம்மாவுக்குச் சகிக்கவில்லை. இருபது வருஷமாக அவள் பார்த்த மனுஷன், தன் கண்ணையே நம்பாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்து எழுப்பிப் பின்வாசலுக்குக் கூட்டிப் போனாள். ட்ரம்மின் மேல் இருந்த சேலையை எடுத்தாள்.

"நீங்க நெனச்ச தண்ணி டேங்குல இல்லீங்க."

அவர் ட்ரம்மைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மூணாந் தண்ணிக்கின்னு நான்தான் டியூபு போட்டு ரொப்பினன். இது ஒண்ணு, அது ஒண்ணு. நீங்க போனு எடுக்கப் போனப்ப."

"ரெண்டா?"

"ரெண்டு."

அவர் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "நானூறு லிட்டரு. நாப்பத்தெட்டு செகண்டு." பிறகு ட்ரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அப்ப என் கணக்கு தப்பல."

அவர் முகம் தெளிந்ததைச் சரசம்மா கண்ணால் பார்த்தாள். அடுத்த நிமிஷமே அது கறுத்துப் போனதையும் பார்த்தாள்.

"த்தூ. தொர கை வெந்து கெடக்கறான், எனக்கு சந்தோசம் வருது பாரு" என்று தரையில் துப்பினார். "லாரி கெளம்பறப்ப நீ இங்கதான இருந்த?"

"இருந்தன்."

"ஒரு சத்தம் போட்டிருந்தா ஹாரன முன்னாடியே அடிச்சிருப்பன் சரசு. ரெண்டு ட்ரம்மு எடுத்தது பெருசு இல்ல. நூறு ட்ரம்மு எடுத்திருந்தாலும் சொல்லியிருந்தா போதும்."

"வாய் வர்லீங்க." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மறுநாள் இருவரும் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். அண்ணாதுரை இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். பார்வதி இட்லியைப் பிட்டு அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சரசம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அண்ணாதுரை கோவிந்தப்பனைப் பார்த்தான். "ஹாரன் அடிக்கலையேன்னுதாண்ணே நின்னேன். இல்லாட்டி வந்திருப்பேன்" என்றான். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. அதனால்தான் கோவிந்தப்பனால் அங்கே நிற்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"நாங்களும் எடுத்தோம், நாலு கொடம்" என்றாள் பார்வதி. இட்லித் துண்டு கையிலேயே இருந்தது. "அதுக்கு அண்ணன் கணக்கு வச்சிருந்தாரு. அதுக்கு மேல ஒரு சொம்பு எடுத்தாலும் சொல்லணும்ல? நான் ஒரு கொடம் தர்றேன்னு நின்னேன்ல? வேணாம்னுட்டு ரெண்டு ட்ரம்மு புடிச்சிருக்க."

"விடு பார்வதி. அம்மை போட்ட வீடு" என்றான் அண்ணாதுரை.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குக் காலையில கழுவி விடுறது நானு." சரசம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: "போங்க. பஸ்ஸுக்கு நேரமாகும்."

ஊரில் இறங்கும்வரை சரசம்மா அந்தப் 'போங்க'வையே நினைத்துக்கொண்டு வந்தாள். நாலு வருஷமாக அக்கா என்றும் நீ என்றும் கூப்பிட்ட வாய்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்த அதிகாரி சுப்ரியா. பணியில் சேர்ந்து மூன்று வருஷம். முகத்தில் இன்னும் படிப்புக் களை போகவில்லை. துண்டு விரித்த நாற்காலியில் உட்காராமல் மேஜை ஓரத்தில் நின்றே ஏட்டைப் புரட்டினார். ராஜேஷ்குமார் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். அதில் கோவிந்தப்பன் கையெழுத்து இல்லை.

"ஏன் கையெழுத்துப் போடல?" என்று கேட்டார் சுப்ரியா.

"நான் ஹாரன் அடிக்கலீங்க மேடம். டேங்கும் நெறைய இல்ல. கோடையில சாய்ந்தரமானா ஊட்டுக்கு நாலு குடம் எடுப்பம். அன்னிக்கி என் ஊட்ல கூட ரெண்டு ட்ரம்மு எடுத்தாங்க. குழாய் சாவி என் பொறுப்பு. தொர மேல தப்பே இல்ல."

ராஜேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டார். அழைக்காமலே சரசம்மா வாசலில் வந்து நின்றாள்.

"எடுத்தது நான்தாங்கம்மா. அவருக்குத் தெரியாது."

"நீங்க இங்க வேலை பாக்கறவங்க இல்லம்மா. உங்க வாக்குமூலத்தை நான் ஏட்டுல எழுத முடியாது."

"எழுத வேணாங்க. எடுத்துக் காட்டறன், பாருங்க."

சுப்ரியா ஏட்டை மூடினார். பிறகு சுற்றி நின்ற ஆட்களிடம் சொன்னார். "லாரி காலையில ரொப்பினதுதானே? சரி. அன்னைக்கு எப்படியோ அப்படியே செய்யுங்க. எல்லா வீட்டுக் குடமும் வரட்டும்."

அப்படியே செய்தார்கள். பட்டப்பகலில், அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்க, ஆறு வீட்டுப் பெண்களும் வரிசையில் வந்து வீட்டுக்கு நாலு குடம் பிடித்து வைத்தார்கள். மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பார்வதியும் தன் நாலு குடத்தைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு நின்றாள். சரசம்மா ட்ரம்மைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டினாள், புழு நெளிந்தது. டியூபைச் செருகினாள். பதினைந்து நிமிஷம் எல்லாரும் ட்ரம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு ஹோஸை விரித்தார்கள். கோபி பிராஞ்சைக் காலி மைதானத்தைப் பார்த்துப் பிடித்தான். சுப்ரியா கைப்பேசியில் நேரத்தைத் தொடங்கினார். கோவிந்தப்பன் பம்பை முடுக்கிவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். தண்ணீர் வளைந்து போய்ப் புழுதியில் விழுந்தது. ஏழு நிமிஷம் ஆனபோது அவர் கை தானாக ஹாரன் பட்டன்மேல் போய் நின்றது.

ஏழு நிமிஷம் இருபத்தொன்பது நொடியில் ஹோஸ் இருமியது. தண்ணீர் குறுகி, கோபியின் காலடியில் சொட்டி நின்றது.

கோவிந்தப்பன் பட்டனிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபி வெறும் பிராஞ்சைப் பிடித்தபடி நின்றான். சரசம்மாவுக்கு அந்த இடத்தில் கோபி தெரியவில்லை. தண்ணீர் வருமென்று பிராஞ்சைக் குலுக்கிக்கொண்டு அண்ணாதுரை நிற்பதுதான் தெரிந்தது. பார்வதிக்கும் அதுதான் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஏழே முக்கால் நிமிஷம் ஆனதும் கோவிந்தப்பன் மூன்று முறை ஹாரன் அடித்தார்.

"ஹாரனுக்குப் பதினாறு நொடி முன்னாடியே நின்னுடுச்சு" என்றார் சுப்ரியா. அதை எழுதிக்கொண்டார். ராஜேஷ்குமாரின் தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கும் அவருக்கும் குறிப்பாணை வரும். கோவிந்தப்பனுக்கு இடமாறுதலும் வரலாம், நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். கண்ணாடிக்கு மூணு லெட்டர் போனதும், மூணே பேர் போனதும் ரிப்போர்ட்ல இருக்கும். அண்ணாதுரை மேல ஒண்ணும் இருக்காது. இனிமே இந்தக் குழாய்ல யாரும் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது."

ஜீப் கிளம்பிப் போனது. வெயிலில் இருபத்துநாலு குடமும் இரண்டு ட்ரம்மும் தளும்பிக்கொண்டு நின்றன. பேரூராட்சித் தண்ணீர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆறு வீட்டுப் பெண்களும் தண்ணீரைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். இதை என்ன செய்வது என்று அதிகாரி சொல்லவில்லை.

"டேங்க் சுத்தமா காலி. ரோஜாப் பண்ணைல கரெண்ட் இல்லையாம், மோட்டார் ஓட ஒரு மணி நேரம் ஆவும்" என்று தொலைபேசியில் பேசிவிட்டு வந்து சொன்னார் ராஜேஷ்குமார். "இப்ப ஒரு போன் வந்தா என்ன பண்றது?"

சரசம்மா தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியின் பின்ஏணியில் ஏறினாள். மேலே இருந்த மூடியைத் திறந்து குடத்தைக் கவிழ்த்தாள். காலி டேங்கின் அடியில் தண்ணீர் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. இறங்கினாள். அடுத்த குடத்தோடு ஏறினாள். கோவிந்தப்பன் உதவ வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நாலு குடம் முடிந்து ட்ரம்மில் மொள்ள ஆரம்பித்தாள். இரண்டு ட்ரம் என்பது இருபத்தாறு குடம். பதினோராவது குடத்தை ஊற்றிவிட்டு, மூச்சு வாங்க ஏணியின் மேல்படியிலேயே நின்றாள்.

கீழே ஏணியடியில் பார்வதி நின்றுகொண்டிருந்தாள். தன் குடம் ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அன்னைக்கு இந்தக் கொடத்தத்தான் தர்றேன்னேன்" என்றாள். "இப்பவாச்சும் வாங்கு."

சரசம்மா குனிந்து வாங்கினாள்.